டன்க்ளியோஸ்டியஸ் நான்கு மீட்டர்தான்: ஒரு நீளக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

2017இல் வெளியான ஒரு கணக்கின்படி, டன்க்ளியோஸ்டியஸ் டெரெல்லி என்ற கவச மீனின் மிகப் பெரிய மாதிரி 8.79 மீட்டர் நீளம். 2023 பிப்ரவரியில் வந்த இன்னொரு கணக்கின்படி சுமார் 4.1 மீட்டர். இந்த வீழ்ச்சிக்குப் புதிய எலும்புக்கூடு எதுவும் காரணமில்லை. இரண்டு கணக்குகளும் கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே எலும்புகளை வைத்துப் போடப்பட்டவை. தலை சுருங்கவில்லை, தாடை சுருங்கவில்லை, கவசத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் கவசத்துக்குப் பின்னால் இருந்த உடல். அந்தப் பகுதியின் முழு எலும்புக்கூட்டை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே இந்த ஆய்வில் பார்க்க வேண்டியது மீன் எவ்வளவு பெரியது என்பதை மட்டுமல்ல. பாதி உடல் காணாமல் போன ஒரு விலங்கின் நீளத்தைக் கணிக்கும்போது எந்த அளவை நம்பலாம், எது காலை வாரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

எலும்புகள் கிடைத்த இடம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையை ஒட்டி, கிளீவ்லாந்து ஷேல் என்ற கறுப்புக் களிப்பாறை அடுக்கு வெளியே தெரிகிறது. வயது ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகள். டெவோனியன் காலத்தின் கடைசிக் கட்டம். அன்று அந்தப் பகுதி பூமத்திய ரேகைக்குத் தெற்கே, கண்டத்தின் மேல் பரவிக் கிடந்த கடலாக இருந்தது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. செத்து விழுந்ததைக் கிளறித் தின்னும் உயிர்கள் அங்கே அதிகம் இல்லை. சேறு கறுத்து, கந்தகம் ஏறி, பாறையானது.

1867இல் ஜே டெரெல் என்பவர் ஏரிக்கரைச் சரிவுகளில் இந்த மீனின் கவசத் தகடுகளைக் கண்டெடுத்தார். 1873இல் ஒஹாயோவின் புவியியல் அளவைத் துறைத் தலைவர் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி அவற்றை விவரித்து, டைனிக்திஸ் பேரினத்தில் சேர்த்தார். 1956இல் ழான்-பியேர் லேமான் அதைப் பிரித்து டன்க்ளியோஸ்டியஸ் என்று தனிப் பேரினமாக்கினார். கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த டேவிட் டங்கிளின் பெயரால் வைக்கப்பட்டது அது. 1920களில் பீட்டர் பங்கார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சேகரித்தவையும், 1960களின் நடுவில் 71ஆம் எண் நெடுஞ்சாலைக்காகப் பாறையை வெட்டியபோது மீட்கப்பட்டவையும் சேர்ந்து, இன்றைய சேகரிப்பின் பெரும்பகுதி ஆகின்றன. 2020இல் ஒஹாயோ இதைத் தன் அதிகாரப்பூர்வப் புதைபடிவ மீனாகவும் அறிவித்தது.

இவ்வளவு மாதிரிகள் இருந்தும் உடல் ஏன் இல்லை? இந்த மீனின் தலையையும் தோளையும் கனமான எலும்புத் தகடுகள் மூடியிருந்தன. சில இடங்களில் தகட்டின் தடிமன் 5 சென்டிமீட்டர் வரை போகும். அதற்குப் பின்னால் இருந்த எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. குருத்தெலும்பு அழுகிவிடும், தகடு தங்கிவிடும். ஓர் இளம் மீனின் மார்புத் துடுப்பின் தடம் கிடைத்திருக்கிறது. மற்றபடி, தோளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கணிப்பு.

தங்கிய தகடுகளும் சுலபமாகக் கையாளத் தக்கவை அல்ல. களிப்பாறை இறுகும்போது மேலிருந்து அழுத்தியதில், வளைந்த தலைக்கவசம் தட்டையாகப் பரந்துவிடும். அகலம் கூடும், உயரம் குறையும். நீளவாக்கு அளவு அதிகம் கெடாது. (இந்த மீனை அளக்கும் எவரும் அகலத்தைக் கடைசியில் நம்புவது இதனால்தான்.) பாறையிலும் எலும்பின் துளைகளிலும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமும் இரும்பு சல்பேட்டும் உண்டாக்கும். சல்பேட் படிகம் மூல பைரைட்டைவிட அதிக இடம் பிடிக்கும்; எலும்பு உள்ளிருந்தே வெடிக்கும். வெள்ளை மஞ்சள் பொடி, கந்தக நாற்றம் இரண்டும் தெரிந்தால் நோய் ஏற்கனவே தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே நிலையாக வைப்பது, உண்டான அமிலத்தை முறிப்பது, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினால் எலும்பை இறுக்குவது என்று வரிசையாகச் செய்தாக வேண்டும். அமிலத்தை முறிக்காமல் பிசினைப் பூசினால் நோயை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஒரு கண்குழியின் விளிம்பு இப்படி உதிர்ந்துபோனால், அந்த மாதிரியிலிருந்து நீளக் கணக்கே போட முடியாது. காரணம் கீழே வருகிறது.

கவசமும் கழுத்து மூட்டும்

கவசம் இரண்டு துண்டு: தலைக்கவசம், அதன் பின்னால் உடலைச் சுற்றி வளையமாக நிற்கும் உடற்கவசம். உடற்கவசத்தின் முன்புறத் தகட்டில் பக்கத்துக்கு ஒரு குமிழ் உண்டு. தலைக்கவசத்தின் பின்புறத் தகட்டிலுள்ள குழியில் அது பொருந்தும். கதவுக் கீலைப் போல, தலை மேலும் கீழும் மட்டும் அசையும்.

வாயைத் திறக்க இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. முதுகுத் தசை தலையைத் தூக்கும். உடற்கவசத்தின் அடியிலிருந்து வந்த தசை கீழ்த்தாடையை இழுக்கும். உடற்கவசம், தலை, தாடை, அந்தத் தசை ஆகிய நான்கும் இணைந்த நான்கு தண்டு நெம்புகோலாக இதை மாதிரியாக்கினார்கள் பிலிப் ஆண்டர்சனும் மார்க் வெஸ்ட்னீட்டும். அவர்களது கணக்கில் வாய் முழுக்கத் திறக்க 20 மில்லிவினாடி. திறந்து மூட 50 முதல் 60 மில்லிவினாடி. அந்த வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும்.

தாடையில் பல் கிடையாது. முன்னால் கோரைப்பல் போல நீட்டிய முனையும் பின்னால் கத்தி போன்ற விளிம்பும் கொண்ட எலும்புத் தகடுகள்தான். மேல் தகடும் கீழ்த் தகடும் உரசி உரசித் தாமே கூர்தீட்டிக்கொண்டன.

பழைய நீளங்கள்

நியூபெரியின் காலத்தில் 15 முதல் 18 அடி என்று சொன்னார்கள், அதாவது 4.5 முதல் 5.5 மீட்டர். 20ஆம் நூற்றாண்டின் நூல்களில் 6 மீட்டர் என்ற எண் வழக்கமானது. பிறகு 8, 10 என்று ஏறியது. பெரும்பாலான இடங்களில் எப்படிக் கணித்தார்கள் என்ற விளக்கமே இருக்காது. ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு எண் மட்டும் போனது, அளவுகோல் போகவில்லை.

முறை சொன்ன கணக்குகள் இரண்டு வகை. ஒன்று, முழு உடலும் தெரிந்த ஓர் உறவின மீனை அப்படியே பெரிதாக்குவது. ஸ்காட்லாந்தின் டெவோனியன் பாறையில் கோகோஸ்டியஸ் என்ற சிறு கவச மீன் வாலோடு முழுசாகக் கிடைக்கிறது. 2010இல் ராபர்ட் கார் அதன் உடல்வாகை வைத்து டன்க்ளியோஸ்டியஸுக்கு 4.6 மீட்டர், 665 கிலோ என்று கணித்தார். எண் அடக்கமாக இருந்ததாலோ என்னவோ, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வகை, இன்றைய சுறாவின் வாயை அளவுகோலாக எடுப்பது. 2017இல் உம்பெர்த்தோ ஃபெரோன் குழு இதைச் செய்தது. சுறாக்களில் மேல்தாடையின் சுற்றளவு கூடக் கூட உடல் நீளமும் கூடுகிறது. அந்தக் கோட்டில் டன்க்ளியோஸ்டியஸின் தாடையை வைத்தார்கள். காட்சியில் நிற்கும் வழக்கமான வளர்ந்த மாதிரிக்கு 6.88 மீட்டர், மிகப் பெரியதற்கு 8.79 மீட்டர் வந்தது. அந்த ஆய்வின் முதன்மை நோக்கம் வால் துடுப்பின் வடிவத்தைக் கணிப்பது. நீளம் வழியில் தேவைப்பட்ட ஓர் எண். வெளியில் பரவியது அந்த எண்தான்.

சுறா வாய் எங்கே தவறியது

சுறாவின் வாய் மூக்குக்குக் கீழே, தலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் நீண்ட மூக்கு, பக்கங்களில் செவுள் பகுதி, நடுவில் மிச்சமுள்ள இடத்தில் வாய். கவச மீனுக்கு அப்படியில்லை. வாய் தலையின் முகப்பிலேயே, ஏறத்தாழ முழு அகலத்துக்கும் திறக்கிறது. ஒரே எடையுள்ள சுறாவையும் கவச மீனையும் பக்கத்தில் வைத்தால் கவச மீனின் வாய்தான் பெரிது. சுறாவின் விகிதத்தை அதன்மேல் போட்டால், பெரிய வாய்க்கு ஏற்ற பெரிய உடலைக் கணக்கு தானாக ஒட்டிவிடும்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது: முழு உடலும் கிடைத்த கவச மீன்களுக்கு அதே சுறாக் கணக்கைப் போட்டு, உண்மையான நீளத்தோடு ஒப்பிடலாம். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரசல் எங்கெல்மன் 2023இல் அதைச் செய்தார். கோகோஸ்டியஸுக்கும், மொராக்கோவிலிருந்து 2022இல் விவரிக்கப்பட்ட அமாசிக்திஸுக்கும் சுறா வாய்க் கணக்கு உண்மையைவிடப் பெரிய நீளத்தையே கொடுத்தது. டன்க்ளியோஸ்டியஸின் வாய், அதே அளவு வெள்ளைச் சுறாவின் வாயைப் போல இரண்டு மடங்கு என்பதே அவரது முடிவு.

நம் பார்வையில் இந்தச் சோதனைதான் வழக்கின் திருப்புமுனை. புது அளவுகோல் பின்னால் வந்தது. பழைய அளவுகோல், விடை தெரிந்த கேள்விக்கே தவறான விடை சொன்னது என்பது அதைவிட முக்கியம். ஒரு கணிப்பு முறையைக் கையில் எடுக்குமுன் அதே குடும்பத்தில் நீளம் தெரிந்த ஒன்றிரண்டு மீன்களுக்குப் போட்டுப் பார்த்திருந்தால், 8.79 மேடை ஏறியிருக்காது.

கண்குழியிலிருந்து செவுள் மூடி வரை

எங்கெல்மன் தேர்ந்தெடுத்த அளவு, கண்குழியின் முன்விளிம்பிலிருந்து செவுள் மூடியின் பின்விளிம்பு வரையுள்ள தூரம். சுருக்கமாக, மூக்கைக் கழித்த தலை நீளம்.

ஏன் மூக்கைக் கழிக்க வேண்டும்? மூக்கு இரை பிடிக்கும் தொழிலுக்கு ஏற்ப மாறுவது. முரல் மீனுக்கு ஊசி போல நீளும், சூரைக்குக் குட்டை. அந்தப் பகுதியை வைத்து உடலைக் கணித்தால், முரல் திமிங்கிலம் ஆகிவிடும். மூக்கைக் கழித்தால் மிஞ்சுவது கண், மூளைப்பெட்டி, செவுள் அறை. செவுள் மூச்சுக்கானது, உடல் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கிறதோ அவ்வளவு செவுள் வேண்டும். ஆகவே அந்தப் பகுதி உடலின் அளவோடு கட்டுப்பட்டு வளர்கிறது. ஏறத்தாழ 970 மீன் இனங்களின் 3,000க்கும் மேற்பட்ட அளவீடுகளில் இந்த உறவு நின்றது.

செய்யும் முறை இப்படி. முதலில், கண்குழியின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் இரண்டும் சிதையாமல், தம் இடத்தில் இருக்கும் மாதிரியைத் தேட வேண்டும். தனித்தனியாகக் கிடைத்த தகடுகளை ஒட்டி எழுப்பிய தலையென்றால், ஒட்டிய இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பழைய காட்சி மாதிரிகளில் பிளாஸ்டரும் தலையில் சேர்ந்தே நிற்கும். பிறகு, பக்கவாட்டுப் பார்வையில், உடலின் அச்சுக்கு இணையாக நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். கவசத்தின் வளைவின்மேல் நாடாவை ஓட்டினால் எண் கூடும். ஒப்பீட்டு மீன்களுக்கு நேர்க்கோடும் இதற்கு வளைகோடும் எடுத்தால் ஒப்பீடே இல்லை. கவச மீனுக்குச் செவுள் மூடியாக இருந்தது கன்னத்தின் பின்புறத் தகடு. அது விழுந்துபோயிருந்தால், தலைக்கவசம் உடற்கவசத்தைச் சந்திக்கும் இடத்தைக் கொண்டு எல்லையை மதிப்பிட வேண்டும். சுறாக்களுக்கு மூடியே கிடையாது, கடைசிச் செவுள் பிளவு வரை அளப்பது வழக்கம். கடைசியாக, தலை அளவையும் உடல் நீளத்தையும் மடக்கை எண்களாக்கி, கோடு பொருத்தி, அந்தக் கோட்டில் இந்த மீனின் அளவை வைக்க வேண்டும்.

ஒரு பொதுவான சறுக்கல் வாலில் வரும். உடல் நீளம் என்றால் எது? வால் நுனி வரையா, வால் கவை வரையா, வால் தொடங்கும் இடம் வரையா? சுறாவின் மேல்வால் மடல் நீண்டது. மூன்றையும் கலந்து எழுதிய அட்டவணையிலிருந்து எந்தக் கோடு பொருத்தினாலும் அது தள்ளாடும்.

முழு உடல் தெரிந்த கவச மீன்களில் இந்த அளவுகோல் சரியான நீளத்தைத் தந்தது. டன்க்ளியோஸ்டியஸுக்குப் போட்டதில் வழக்கமான வளர்ந்த மீன் சுமார் 3.4 மீட்டர், மிகப் பெரியது சுமார் 4.1 மீட்டர்.

குறுக்குச் சோதனை

8.79 மீட்டர் உடலை அதே தலையோடு வரைந்து பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கவசத்தின் அளவு மாறாதது. நீளம் கூடினால் கூடுவதெல்லாம் கவசத்துக்குப் பின்னாலுள்ள தசையுடல்தான். அப்படி வரைந்தால் மிகச் சிறிய தலை, அதன் பின்னால் விலாங்கு போல நீண்டு நீண்டு போகும் உடல் என்று வரும். அவ்வளவு தசைக்கு மூச்சு கொடுக்க அந்தச் சிறு செவுள் அறை போதாது. முழுசாகக் கிடைத்த உறவினர்கள் எவருக்கும் அந்த உடல்வாகு இல்லை. பழைய படங்களில் இது கண்ணில் படாததற்குக் காரணம், ஓவியர்கள் பெரும்பாலும் நீளத்தை 8 மீட்டர் என்று எழுதிவிட்டு, பார்க்க இயல்பாக இருக்கும் விகிதத்தில் தலையைப் பெரிதாக வரைந்தார்கள். அளவுகோலும் படமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

எடை குறைந்ததா?

நீளம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும் என்பது பொது விதி. உடல்வாகு மாறாமல் இருந்தால்தான் அது பொருந்தும். இங்கே மாறியது உடல்வாகு. உடற்கவசம் மூடிய வளையம் என்பதால் உடலின் சுற்றளவு எலும்பிலேயே தெரிகிறது. எடை, சுற்றளவின் வர்க்கத்தோடும் நீளத்தோடும் ஏறும். சுற்றளவு அப்படியே இருக்க நீளம் மட்டும் குறைந்தபோது, கிடைத்த மீன் சூரையைப் போல உருண்டு திரண்ட மீன். 3.4 மீட்டர் மீனுக்கு 950 முதல் 1,200 கிலோ வரை, 4.1 மீட்டர் மீனுக்கு ஏறத்தாழ 1,500 முதல் 1,750 கிலோ வரை வருகிறது. 2010இன் கணக்கோடு ஒப்பிடுங்கள்: அங்கே 4.6 மீட்டருக்கு 665 கிலோ. ஒரு மீட்டருக்கு மேல் குட்டையான மீன், அதைவிடக் கனம். கோகோஸ்டியஸ் ஒல்லி, அதன் உடல்வாகை அப்படியே பெரிதாக்கியதால் 2010இல் நீளம் சற்றுக் கூடவும் எடை மிகக் குறையவும் வந்தது.

"பாதியாகச் சுருங்கிய அசுரன்" என்ற வகைச் செய்தித் தலைப்புகள் இதைத் தவறவிட்டன. அதே நீளமுள்ள வெள்ளைச் சுறாவைவிட இது கனமான மீன்.

கடியின் வலிமை

கடி விசைக் கணக்கு மண்டையோட்டிலிருந்தும் தாடையிலிருந்தும் நேராக வருவது. உடல் நீளம் அதில் நுழைவதே இல்லை. ஆண்டர்சனும் வெஸ்ட்னீட்டும் 2007இல் தாடை முனையில் 4,400 நியூட்டனுக்கு மேல், பின்புற விளிம்பில் 5,300 நியூட்டனுக்கு மேல் என்று கணித்தார்கள். 2009இல் திருத்திய மாதிரியில் இவை 6,000, 7,400 நியூட்டனுக்கு மேல் போயின. நீளம் குறைந்ததால் கடியும் பாதியாகிவிட்டது என்று எழுதுவது தவறு. அதேபோல, எக்காலத்திலும் இதுவே மிக வலிய கடி என்பதும் தவறு: உவர்நீர் முதலையிடம் நேரடியாக அளந்த விசை 16,000 நியூட்டனைத் தாண்டியிருக்கிறது. கவச மீனின் பலம், விசையை ஒரு கூர்முனையில் குவித்ததில் இருந்தது. மற்ற டன்க்ளியோஸ்டியஸ்களின் கவசத்தில் இந்த முனை பொருந்தும் குழிகள் காணப்படுகின்றன.

கடி விசையிலும் ஒரு பலவீனமான கண்ணி உண்டு: தசை. தசையின் குறுக்குவெட்டு, அது ஒட்டியிருந்த இடத்தின் அளவைக் கொண்டு ஊகிக்கப்படுகிறது. 2025இல் எங்கெல்மன் குழு வெளியிட்ட விரிவான உடற்கூற்று ஆய்வு, மண்டையோட்டின் ஏறத்தாழ பாதி குருத்தெலும்பு என்றும், தாடைத் தசை ஒட்டிய முக்கிய இடங்களும் அதில் சேரும் என்றும் காட்டியது. எலும்பில் தெரியும் பரப்பை மட்டும் வைத்துத் தசையை அளந்த எந்த மாதிரியையும் இனி அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பல்லுக்குப் பதில் எலும்புக் கத்தி என்பது இந்த வகைக் கவச மீன்களின் பொது இயல்பு அல்ல, பெரிய இரையைக் கடித்துத் துண்டாக்கும் சிலவற்றின் தனிச்சிறப்பு என்பதும் அதே ஆய்வின் முடிவு.

உருவ மாதிரி செய்வோருக்கு

காட்சிக்கூடத்தில் நிற்கும் கவசத்தை மாற்ற வேண்டியதில்லை. பெயர்ப்பலகையும் சுவர் ஓவியமும்தான் மாற வேண்டும். புதிதாக உருவ மாதிரி செய்பவர்கள் முதலில் தலையையும் உடற்கவசத்தையும் எலும்பின் அளவிலேயே அமைக்கட்டும். மொத்த நீளம் 3.4 மீட்டர் என்று குறித்துக்கொண்டு, வால் துடுப்பின் நீளத்தையும் அதற்குள் அடக்கட்டும். உடற்கவசம் முடியும் இடத்தில் உடலைச் சட்டென்று ஒடுக்கக் கூடாது; வளையத்தின் முழு ஆழம் சிறிது தூரம் தொடர்ந்து, பிறகு வாலடியை நோக்கிச் சரிய வேண்டும். அமாசிக்திஸின் உடல் தடத்தையும் 2017இன் வால் ஆய்வையும் கொண்டு, வேகமாக நீந்தும் மீனுக்குரிய உயரமான வலிய வாலை வைக்கலாம். பழைய 6 மீட்டர் வார்ப்பு கைவசம் இருந்தால் மொத்தத்தையும் சிறிதாக்கி வார்க்காதீர்கள், தலை தப்பாகிவிடும். கவசத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மட்டும் அறுத்துக் குறைக்க வேண்டும்.